இன்னொரு தரம்

இரவு பதினொன்றரை. மாஹிமிலிருந்து தாராவிக்கு வருகிற குழாய்ப் பாதை. பாதை என்று சொல்வதே மரியாதைக்குத்தான். நகரத்துக்குக் குடிதண்ணீர் கொண்டுவரும் இரண்டு இரும்புக் குழாய்கள், யானைகள் படுத்துக் கிடப்பது போல, நெடுக ஓடுகின்றன. அவற்றை ஒட்டி ஓர் ஆள் நடக்கிற தடம். ஒரு பக்கம் இரும்பு, மறுபக்கம் சதுப்பு. காற்று திரும்பினால் தோல் ஊறப்போட்ட தொட்டிகளின் வாடை. விளக்கு கிடையாது... துணையும் கிடையாது.

தடத்தில் ஒரு மனிதர் வருகிறார். கையில் தூக்குச்சட்டி. பின்னாலிருந்து யாரோ கூப்பிடுகிறார்கள்.

"உதுமான்..."

அவர் திரும்பவில்லை.

"உதுமான்..."

நடை நிற்கவில்லை. வேகமும் கூடவில்லை. காது மட்டும் பின்னால் இருக்கிறது. மூன்றாவது சத்தம் வந்தால் "என்ன" என்று கேட்பார். வரவில்லை. அந்தத் தடத்தில் அவருக்கு மூன்றாவது சத்தம் ஒருநாளும் வந்ததில்லை.

இந்த உதுமான் வேறு யாருமில்லை, நம் நஜ்முன்னிசாவின் வாப்பாவுக்குத் தம்பி. நஜ்முன்னிசா சொன்னதைத்தான் சொல்கிறேன். அந்த ஜன்னலைச் சாத்திவிட்டு இப்படி நெருங்கி உட்காருங்கள்.

இருட்டில் பேர் சொல்லிக் கூப்பிட்டால் மூன்றாவது தரத்துக்குத்தான் பதில் சொல்ல வேண்டும் என்பது நம் எல்லார் வீட்டிலும் சொன்னதுதான். ஏன் என்று யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். உதுமானின் மாமி சொல்லித் தந்திருந்தாள். மனுசன் அல்லாத எதற்கும் ஒருவரை மூன்று தரம் கூப்பிடத் திராணி கிடையாதாம். இரண்டோடு தீர்ந்துபோகும். ஒன்றுக்கோ இரண்டுக்கோ நாம் வாய் திறந்துவிட்டால் அந்தக் குறையை நம் மூச்சை வைத்து நிரப்பிக்கொள்ளும். மூன்றாவதும் வந்தால்... கூப்பிட்டது மனுசன்.

திருநெல்வேலிக் கடற்கரையில் அந்த மாமி வீட்டில்தான் உதுமான் வளர்ந்தார். மாமிக்கு ஒரு மகன், முகைதீன். உதுமானின் வயதுதான். ஒரு மகள், சுலைகா. மூன்று பிள்ளைகளும் ஒரே தட்டில் சோறு தின்று, ஒரே பயத்தைக் கற்றுக்கொண்டவர்கள். உதுமானும் முகைதீனும் ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். சுலைகாவுக்கு முகைதீன் காக்கா, அதாவது அண்ணன்; உதுமான் மச்சான்தான். பின்னால் அவரையே கட்டிக்கொண்டாள்.

உதுமான் மாஹிம் தர்கா பக்கத்தில் கரீம் பாட்சாவின் சாப்பாட்டுக் கடையில் சமையல் பண்டாரி. பிரியாணி தேக்சாவைத் தட்டிப் பார்த்தே உள்ளே எவ்வளவு வெந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். வேலை ஓய்ந்த நேரத்தில் அவரைச் சுற்றி ஆட்கள் உட்காருவார்கள். கப்பல் கதை கேட்கத்தான்.

சண்டைக் காலத்தில் அவரும் முகைதீனும் திருகோணமலையில் வெள்ளைக்காரனுடைய நாசகாரிக் கப்பல் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார்கள். அது பசிபிக் கடலுக்குப் போனது. ஜப்பானுக்குத் தெற்கே ஏதோ தீவுகள். நாசகாரி என்றால் பெரிய கப்பல் என்று நினைக்காதீர்கள். அது ஒல்லியான, வேகமான காவல்நாய். நடுவில் விமானங்களைச் சுமக்கும் பெரிய கப்பல்கள் போகும். சுற்றிலும் வட்டமாக நாசகாரிகள் போகும். நீருக்கடியில் வருகிறவனைக் காதால் கேட்பதும், ஆகாயத்தில் வருகிறவனைச் சுடுவதும் அவற்றின் வேலை.

விடிவதற்கு முன்பே மணியடிக்கும். எல்லாரும் அவரவர் சண்டை இடத்துக்கு ஓட வேண்டும். எதிரி வெளிச்சமும் இருட்டும் கலக்கிற வேளையில்தான் வருவான். சூரியன் நன்றாக ஏறிய பிறகு பாதிப் பேரை விடுவார்கள். அப்புறம் தளம் கழுவுவது, பீரங்கிக்கு எண்ணெய் போடுவது, ரொட்டி சுடுவது. குளிக்கக் கடல் தண்ணீர், அதற்கென்றே ஒரு சோப்பு, அதுவும் நுரைக்காது. சில நாளுக்கு ஒருமுறை எண்ணெய்க் கப்பல் வரும். ஓடிக்கொண்டே எண்ணெய் வாங்க வேண்டும், நின்றால் நீர்மூழ்கிக்கு விருந்து. இரண்டு கப்பலும் ஒரே வேகத்தில் பக்கத்தில் பக்கத்தில் போக, நடுவில் ரப்பர் குழாய் தொங்கும். உதுமான் இதைச் சொல்லும்போது இரண்டு கைகளையும் இணையாக நீட்டி, ஒரு கையை மெல்ல ஆட்டிக் காட்டுவார். கேட்கிறவர்கள் தங்கள் கையையும் நீட்டுவார்கள்.

"சமையக்காரனுக்கு அங்க என்ன வேல காக்கா? வெங்காயமா உரிச்சிய?" என்று கேட்பான் ஜஹாங்கீர். கடையில் பரிமாறுகிறவன், வாய் கொஞ்சம் நீளம்.

சண்டை மணி அடித்தால் சமையல்காரனும் குண்டு தூக்குகிறவன்தான் என்பார் உதுமான். கப்பலின் அடிவயிற்றில், தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, குண்டு அடுக்கிய அறை. மேலே பீரங்கி. கீழே முகைதீன் குண்டை ஏற்றி அனுப்புவார், மேலே உதுமான் வாங்கிக் கொடுப்பார். அவ்வளவு சொல்லிவிட்டு எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விடுவார். கதை எப்போதும் அந்த இடத்தில்தான் நிற்கும்.

மீதியைச் சுலைகா சொல்வாள், பெண்களிடம், பெருமையாக. ஒரு மாலை ஜப்பான்காரன் விமானத்தோடு வந்து கப்பலின் பின்பக்கம் விழுந்தான். தீ. குண்டு அறைக்குத் தீ போனால் கப்பலே மிஞ்சாது. அதனால் அந்த அறைக்குள் கடல் தண்ணீரைத் திறந்துவிடுவார்கள். திறக்கும் முன் உள்ளே யாரும் இருக்கிறார்களா என்று கேட்க வேண்டும்.

"எங்க காக்காவ எங்க மச்சான் மூணு தரம் கூப்பிட்டுப் பாத்தாவ. மூணு தரம். அவ்வளவு தீயில நின்னு. காக்கா முன்னாடியே மவுத்தாப் போயிருக்கு. இருந்தா மூணாவது சத்தத்துக்கு 'என்ன'ன்னு கேட்டிருக்குமே."

மாமியும் சாகும்வரை அந்த மூன்று தரத்தைப் பிடித்துக்கொண்டுதான் மனதை ஆற்றிக்கொண்டாள். ஊருக்குத் திரும்பிய உதுமானிடம் அவள் கேட்டது ஒரே கேள்வி, கூப்பிட்டுப் பார்த்தாயா என்று. மூன்று தரம் மாமி என்றார். அந்தப் பதிலுக்குத்தான் சுலைகாவை அவருக்குக் கொடுத்தாள் என்றுகூடச் சொல்லலாம். மூணு தரம் கூப்பிட்ட மனுசன் என்று சுலைகா யாரிடமாவது சொல்லும்போதெல்லாம் உதுமான் தலையைக் குனிந்துகொள்வார். அடக்கம் என்று நினைத்தார்கள்.

இடது காதில் ஒரு தழும்பு, பிறை மாதிரி. தேக்சா ஆவி பட்டது என்பார்.

அறுபத்து நாலாம் வருடம். கரீம் பாட்சாவின் கடையில் கீழே மேசைகள், மேலே அடுப்படி. பெருமழையில் கடல் ஏறினால் மாஹிமில் தெருத் தண்ணீர் கடைக்குள் வந்துவிடும், அதனால் அடுப்பு மாடியில். கீழேயிருந்து கத்திக் கத்தி ஆட்களுக்குத் தொண்டை போயிற்று. முதலாளி ஒருநாள் தாருகானாவிலிருந்து, அதுதான் பழைய கப்பல் உடைக்கிற இடம், ஒரு சாமான் கொண்டுவந்து இறக்கினார். ஆள் உயரத்துக்குமேல் நீளமான குழாய், அசல் பித்தளை. இரண்டு முனையிலும் ஊமத்தம்பூ மாதிரி விரிந்த வாய்.

உதுமான் அதைப் பார்த்துவிட்டு இரண்டு அடி பின்னால் போனார்.

"ஒரு மணியும் கயிறும் போதும் முதலாளி. இது வேண்டாம்."

"அரே, கப்பல்ல இருந்தவன் நீ. உனக்குத் தெரியாம வேற எவனுக்குத் தெரியும்? மாட்டுடா, பாப்போம்."

மாட்டினார். மாட்டியபின் எல்லாரும் கூடி நின்று இது எப்படி வேலை செய்கிறது என்று கேட்டார்கள். சொல்லாமல் இருக்க அவரால் முடியவில்லை. நானும் சொல்லிவிடுகிறேன், இது தெரியாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது.

பேச்சு என்பது காற்றின் அசைவு. வெளியில் பேசினால் நாலு திசையும் சிதறும். குழாய்க்குள் பேசினால் சிதற வழியில்லை, அப்படியே மறுமுனைக்குப் போய்ச் சேரும். கிசுகிசுத்தாலும் காதுக்குள் பேசுகிற மாதிரி கேட்கும். கம்பி வேண்டாம், கரண்டு வேண்டாம். சண்டையில் எல்லா விளக்கும் அணைந்த பிறகும் வேலை செய்யும், அதனால்தான் கப்பலில் வைத்தார்கள். சரி, மறுமுனையில் இருப்பவனை எப்படிக் கூப்பிடுவது? இரண்டு வாய்க்கும் சங்கிலியில் தொங்கும் ஓர் அடைப்பு உண்டு. அடைப்புக்குள் ஒரு சின்ன விசில். நீ உன் அடைப்பைப் பிடுங்கிவிட்டு ஊதினால் உன் மூச்சு போய் மறுமுனை அடைப்பில் இருக்கும் விசிலை ஊதும். அவன் தன் அடைப்பைப் பிடுங்கிக் காதை வைப்பான். ஆக, மேலே விசில் அடித்தால் என்ன அர்த்தம்? கீழே ஒருவர் அடைப்பைத் திறந்து வாயை வைத்திருக்கிறார் என்று அர்த்தம். இரண்டும் மூடியிருந்தால் குழாய் ஊமை.

கடை ஆட்களுக்கு விளையாட்டுப் பொருள் கிடைத்த மாதிரி. ஆனால் ஒரு சிக்கல். ஜஹாங்கீர் விசிலடித்து "பண்டாரி காக்கா" என்றால் பதில் வராது. இன்னொரு தரம் கூப்பிட்டாலும் வராது. மூன்றாவதற்குத்தான் "என்ன" என்று வரும்.

"இவுகளுக்கு நிக்காஹ்ல கேக்குற மாதிரி மூணு தடவ கேக்கணும், அப்பத்தான் கபூல்னு சொல்லுவாக" என்று ஜஹாங்கீர் மேசை மேசையாகச் சொல்லிச் சிரிக்க வைத்தான். குழாயில் பேர் சொல்லாதீர்கள், சரக்கை மட்டும் சொல்லுங்கள் என்று உதுமான் கெஞ்சிப் பார்த்தார். யார் கேட்கிறார்கள்?

ஒரு வாரம் போயிருக்கும். கடையைச் சாத்தி, ஷட்டரை இறக்கி, ஜஹாங்கீரும் போய்விட்டான். உதுமான் மேலே தனியாகத் தேக்சா தேய்த்துக்கொண்டிருந்தார். மெல்லிசாக ஒரு சத்தம். பிள்ளைகள் ஊதுகிற பீப்பி மாதிரி... ஆனால் இழுத்து, நீளமாக, மூச்சு தீர்ந்துபோவது வரை.

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். காற்றாக இருக்கும் என்றார், தமக்கே. இறங்கிப் போய்ப் பார்த்தார். கீழ் அடைப்பு இறுக்கமாக இருந்தது.

மறுநாளிலிருந்து ஒரு வேலை செய்தார். பிரியாணிக்குத் தம் போடும்போது தேக்சா மூடியைச் சுற்றி மாவு வைத்து அடைப்பார்கள் அல்லவா, ஆவி வெளியே போகாமல்? அதே மாதிரி இரவு கிளம்பும்போது குழாயின் மேல்வாயைச் சுற்றி மாவு வைத்துப் பூசினார். காலையில் வந்து பார்த்தார். மாவு காய்ந்திருக்கவில்லை. வெந்திருந்தது. ரொட்டி மாதிரி, ஓரம் சிவந்து.

யாரிடமும் சொல்லவில்லை. உடைத்துக் குப்பையில் போட்டுவிட்டு அடுப்பைப் பற்றவைத்தார். தினமும் மாவு வைத்தார். தினமும் வெந்திருந்தது.

முகைதீன் இறந்த நாளுக்கான ஆண்டுக் கத்தம் வந்தது. வருடா வருடம் சுலைகா காக்காவுக்காக ஓதவைத்து நெய்ச்சோறு கொடுப்பாள். தாராவியில் அவர்களுடைய ஒற்றை அறைக் கோலியில் அவ்வளவு பெரிய சட்டி வைக்க இடமில்லை. முதலாளியிடம் கேட்டு, கடை சாத்திய பிறகு அங்கேயே ஆக்கிக்கொள்வதாக ஏற்பாடு. காலையில் ஓத வருகிறார்கள், அதனால் இரவோடு இரவாகச் சமைத்துத் தூக்கிப்போக வேண்டும். சுலைகாவும் வந்திருந்தாள். கீழே விளக்கைக் குறைத்து வைத்துவிட்டு, ஷட்டர் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நாள் முழுக்க நோன்பு வேறு. கண் சொருகியது.

மேலே உதுமான். தகரக் கூரையில் மழை. தேக்சாவில் நெய்ச்சோறு பட்டையும் ஏலமுமாக மணத்துக்கொண்டிருந்தது.

விசில் அடித்தது.

சுலைகாதான் என்று நினைத்தார். சாயங்காலம்தான் அவளுக்கு எப்படி ஊதுவது என்று காட்டிக்கொடுத்திருந்தார். அடைப்பைப் பிடுங்கினார்.

"மச்சான்..."

அவளும் அப்படித்தான் கூப்பிடுவாள். "என்ன" என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பழக்கம் தடுத்தது. அப்போதுதான் கவனித்தார்... நெய் மணம் இல்லை. குழாய் வாயிலிருந்து வந்தது எரிந்த பெயின்ட் வாடை. கப்பல் எண்ணெய் வாடை.

"மச்சான்..."

காதைப் பித்தளையிலிருந்து எடுக்க முடியவில்லை. மூன்றாவது தரத்துக்குக் காத்திருந்தார். வந்தது கூப்பாடு இல்லை. பக்கத்தில் படுத்திருப்பவன் பேசுகிற மாதிரி, மெதுவாக:

"மனுசனா இருந்தா இன்னொரு தரம் கூப்பிடு மச்சான்."

இந்த வார்த்தையை உதுமான் முன்பு ஒருமுறை கேட்டிருந்தார். அந்த மாலையில். அதுவரை அவர் யாருக்கும் சொல்லாத மீதி இதுதான்.

விமானம் விழுந்ததும் பின்பக்கத்து விளக்கெல்லாம் போய்விட்டது. குண்டு அறையில் இருந்தவர்கள் ஏணியில் ஏறி ஓடிவந்தார்கள். முகைதீன் வரவில்லை. அவரை முன்பக்கம் பார்த்தேன் என்று ஒருவன் சொன்னான். காலடியில் தளம் கொதித்தது, செருப்பு ஒட்டியது. தண்ணீரைத் திறக்கிற சக்கரத்தில் கையை வைத்துக்கொண்டு, குழாயில் கேள் என்று அதிகாரி உதுமானைப் பார்த்துக் கத்தினான்.

கப்பல் குழாயில் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. அறையின் பேரைத்தான் சொல்ல வேண்டும். கேட்டவன் அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். எத்தனையோ மாதம் தினமும் அப்படியே செய்தவர்தான். ஆனால் அந்த நேரத்தில் வாயில் வந்தது "முகைதீன்". காதைக் குழாயில் ஒட்டினார். பித்தளை சுட்டது. "முகைதீன்" என்றார் மறுபடியும். பதில் இல்லை.

கீழே கும்மிருட்டு. புகை. அடிபட்டு மயங்கி, அப்போதுதான் முகைதீன் கண் திறந்திருக்கிறான். தலைக்குமேல் எங்கேயோ அவன் பேரைச் சொல்லி ஒரு குரல், ஒரு தரம்... இரண்டு தரம். மாமி வளர்த்த பிள்ளை. என்ன செய்வான்? மூன்றாவதற்குக் காத்திருந்தான்.

அது உதுமானுக்குத் தெரியும். உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாவிட்டாலும் அவருக்குத் தெரியும். ஆனால் காது வெந்தது, அதிகாரி முறைத்தான், தீ பக்கத்தில் வந்தது. "எம்ப்டி சார்" என்றார்.

சக்கரம் திரும்பியது. கீழே கடல் இரைந்துகொண்டு உள்ளே போவது காலில் அதிர்ந்தது. அதற்குப் பிறகுதான் குழாயில் அந்தக் கிசுகிசுப்பு. மனுசனா இருந்தா இன்னொரு தரம் கூப்பிடு மச்சான்.

அதிகாரியின் கை சக்கரத்தில்தான் இருந்தது. திருப்பி மூடியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும். ஆனால் இப்போதுதான் எம்ப்டி என்று சொன்ன வாயால்... அத்தனை வெள்ளைக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க... ஆள் இருக்கிறான், நான் சரியாகக் கேட்கவில்லை என்று எப்படிச் சொல்வது? பயம் அல்ல. பயம் என்றால் மன்னிக்கலாம். வெட்கம். உதுமான் அடைப்பை எடுத்துக் குழாயை மூடினார்.

மூடிய அடைப்பில் விசில் அடித்தது. இழுத்து, நீளமாக. அதிகாரி திரும்பிப் பார்த்தான். தண்ணீர் ஏற ஏற அறையில் இருந்த காற்று குழாய் வழியாக வெளியேறுகிறது, அதுதான் ஊதுகிறது என்று அவனே விளக்கினான். அது நடக்கக்கூடியதுதான். கருவி அப்படிப்பட்டதுதான். உதுமானும் தலையாட்டினார். விசில் கொஞ்ச நேரம் அடித்தது. நின்று நின்று அடித்தது... காற்று அப்படி நின்று நின்று ஊதுமா என்று யாரும் கேட்கவில்லை. பிறகு ஒரு களகள சத்தம். அவ்வளவுதான்.

மாஹிம் மாடியில் நெய்ச்சோறு அடியில் கருகிக்கொண்டிருந்தது. உதுமான் குழாய் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். இந்தத் தடவை அடைப்பைப் போடவில்லை. வாயை வைத்தார்.

"முகைதீன்" என்றார்.

ஒரே ஒரு தரம்.

மழை. அவர் குழாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"மூணு தரம்னு மாமிகிட்டச் சொன்னது பொய் மச்சான். ரெண்டு தரம்தான் கூப்பிட்டேன். நீ பேசுனது எனக்குக் கேட்டுச்சு. கேட்டுட்டுத்தான் மூடுனேன். இதுதான் மூணாவது. எடுத்துக்க மச்சான்..."

 பிறகு குழாயிலிருந்து ஒரு குரல் வந்தது. இது சந்தேகமில்லாத குரல். மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது.

"ரெண்டு தரம்தானா மச்சான்?"

சுலைகா.

பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தவளை விசில் எழுப்பவில்லை, அது மேலேதானே அடிக்கும். அவளை எழுப்பியது காக்காவின் பேர். கண்ணைத் திறந்து குழாயைப் பார்த்தாள். கீழ் அடைப்பு வாயில் இல்லை. சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது. தொங்கிக்கொண்டு இருந்தது மட்டுமில்லை... ஆடிக்கொண்டிருந்தது, யாரோ அப்போதுதான் கையை எடுத்த மாதிரி. ஷட்டர் உள்பக்கம் பூட்டியிருந்தது. அவள் எழுந்துபோய்க் காதை வைத்தாள். எல்லாம் கேட்டது. குழாயின் குணம்தான் தெரியுமே, எதையும் சிதறவிடாது.

உதுமான் இறங்கி வந்தபோது அவள் மேலே போய் அடுப்பை அணைத்தாள். கருகாத சோற்றை மேலாக அள்ளிச் சட்டியில் போட்டாள். சட்டியைக் கீழே கொண்டுவந்து அவர் தலையில் ஏற்றிவிட்டாள். குழாய்ப் பாதையில் அவள் முன்னால் நடந்தாள், அவர் பின்னால். மழை விட்டிருந்தது. சதுப்பில் தவளைச் சத்தம்கூட இல்லை. பாதி வழியில் அவர், "சுலைகா" என்றார். அவள் நிற்கவில்லை. "சுலைகா" என்றார். மூன்றாவது தரம் கூப்பிட அவருக்கு வாய் வரவில்லை.

காலையில் ஓத வந்தவர்கள் ஓதினார்கள், சாப்பிட்டார்கள். வருடா வருடம் சொல்கிற மூன்று தரத்துக் கதையை அந்த வருடம் சுலைகா சொல்லவில்லை. ஒரு கிழவி ஞாபகமாகக் கேட்டாள். "சோத்துல உப்பு சரியா இருக்கா லாத்தா" என்று சுலைகா பேச்சை மாற்றினாள். உதுமான் வாசலில் செருப்புகளுக்கு நடுவே நின்றுகொண்டு இருந்தார். உள்ளே வரவில்லை.

கடைக்குப் போகவில்லை. கரீம் பாட்சா ஆள்மேல் ஆள் அனுப்பிப் பார்த்துவிட்டு, குழாயைக் கழற்றிப் பழைய பித்தளைக்குப் போட்டார். அதற்குப் பிறகும் உதுமான் அந்தக் கடைப் படி ஏறவில்லை. கல்யாண வீடுகளுக்குச் சமைக்கப் போனார்.

சுலைகா அவரை விட்டுப் போய்விடவில்லை. திட்டவும் இல்லை. ஒன்றே ஒன்றுதான் செய்தாள். அவரைக் கூப்பிட வேண்டியிருந்தால், "மச்சான்" என்பாள். இன்னொரு தரம், "மச்சான்" என்பாள். அத்தோடு நிறுத்திக்கொள்வாள். மூன்றாவதற்குத்தான் அவர் எழுந்திருப்பார் என்று அவளுக்குத் தெரியும். சோறு ஆறிக்கொண்டு கிடக்கும்.

நஜ்முன்னிசா போன மழையில் ஒரு ராத்திரி அவர்கள் வீட்டில் தங்க வேண்டியதாயிற்று. கோலியின் பின்சுவரை ஒட்டித்தான் அந்தப் பெரிய தண்ணீர்க் குழாய் போகிறது. படுத்தால் காதுக்குப் பக்கத்தில் இரும்பு. நடுச்சாமத்தில் சுலைகாவுக்குத் தாகம், மண்பானை உதுமான் பக்கத்தில் இருக்கிறது.

"மச்சான்..." என்றாள். "மச்சான்..." என்றாள். நிறுத்திக்கொண்டாள். நஜ்முன்னிசா கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டுதான். எண்ணினாள்.

கொஞ்ச நேரம் கழித்து உதுமான் எழுந்தார். எழுந்தவர் பானைப் பக்கம் போகவில்லை, சுலைகா பக்கமும் திரும்பவில்லை. பின்கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார். பெரிய குழாயின்மேல் குனிந்து, இடது காதை அதில் வைத்தார். சிரித்த முகமாக, "என்ன மச்சான்?" என்று கேட்டார்.

சுலைகா பாயில் எழுந்து உட்கார்ந்திருந்தாள்.  அவளுக்கு அது பழகிவிட்டது போல இருந்தது.

அவர் வந்து படுத்து, மூச்சு சீரான பிறகு நஜ்முன்னிசா மெல்லப் பின்பக்கம் போனாள். அந்தக் குழாயில் இரவு முழுக்கத் தண்ணீர் ஓடுகிறது. கோடையில்கூடத் தொட்டால் ஜில்லென்றிருக்கும். அன்று மழை வேறு, இரும்பெல்லாம் நனைந்து கிடந்தது. அவர் காதை வைத்த அந்த ஓர் இடம் மட்டும்... உலர்ந்திருந்தது.

தொட்டுப் பார்த்திருக்கிறாள். இன்னும் அவள் உள்ளங்கையில் இருக்கிறது, வேண்டுமானால் நாளைக்குக் காட்டச் சொல்லுங்கள். பிறை மாதிரி ஒரு கொப்புளத் தழும்பு.